பழவேற்காடு ஏரியின் வலசைக் கரைப்பறவைகள்

பழவேற்காடு ஏரியின் வலசைக் கரைப்பறவைகள் என்பவை, உலகின் வடகோடியிலுள்ள தூந்திரா வெளிகளிலும் தைகா காடுகளிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தைப் பழவேற்காட்டுச் சேற்றுவெளிகளில் கழிக்கும் உள்ளான், உப்புக்கொத்தி முதலிய பறவைகள் ஆகும். இவற்றின் வாழ்வு ஒன்றுக்கொன்று 6,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள இரு வேறு மண்வகைகளைச் சார்ந்துள்ளது. ஒன்று உறைந்த மண், மற்றொன்று உவர்ச்சேறு. இவற்றுள் ஏதேனும் ஒன்று கெட்டாலும் பறவைகளின் எண்ணிக்கை குறைகின்றது.

அமைவிடம்

பழவேற்காடு ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. சிறீஅரிக்கோட்டைத் தீவு இதனை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கின்றது. தெற்கில் ஆரணி ஆறும் வடமேற்கில் காளங்கி ஆறும் ஏரியில் கலக்கின்றன. பழவேற்காடு ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகின்றது. ஏரியின் ஆந்திரப் பகுதி 1976ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980ஆம் ஆண்டிலும் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன.

வடக்கின் மண்

தூந்திராவில் நிலத்தின் அடிப்பகுதி ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். இது நிலை உறைமண் எனப்படுகின்றது. கோடையில் மேற்பரப்பு மட்டுமே சிறிது ஆழத்துக்கு இளகுகின்றது. உருகிய நீர் கீழே வடிய இயலாமல் தேங்குவதால் நிலம் சதுப்பாகின்றது. குளிரும் காற்றின்மையும் இறந்த தாவரங்களை எளிதில் மட்கவிடுவதில்லை. ஆகவே மண்ணில் ஊட்டச்சத்து குறைவு, மரங்களும் வளர்வதில்லை. ஆயினும், இந்த ஈர மண்ணிலும் குட்டைகளிலும் வளரும் புழுக்கள் சூன், சூலை மாதங்களில் கொசுக்களாகவும் ஈக்களாகவும் பெருந்திரளாக வெளிவருகின்றன. கரைப்பறவைகளின் குஞ்சுகளுக்கு இவையே உணவு.

தூந்திராவுக்குத் தெற்கே ஊசியிலை மரங்கள் நிறைந்த தைகா அமைந்துள்ளது. உதிர்ந்த ஊசியிலைகளின் அமிலத்தன்மையால் இங்குள்ள மண்ணின் சத்துகள் அரித்துக் கீழே செல்ல, மேலடுக்கு சாம்பல் நிறமாகின்றது. இம்மண் பொட்சோல் எனப்படுகின்றது. தைகாவின் சதுப்புகளில் பொறி உள்ளான் கூடு கட்டுகின்றது.

பழவேற்காட்டுச் சேறு

முகத்துவாரத்தை ஒட்டி மணலும், உட்பகுதிகளில் நுண்ணிய களிமண் கலந்த சேறும் காணப்படுகின்றன. சேற்றின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே உயிர்வளி இல்லை. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுவதால் சேறு கரிய நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் கொண்டிருக்கும். மேலடுக்கிலோ பல்சுணைப் புழுக்கள், சிறு நண்டுகள், சிப்பிகள், நத்தைகள் ஆகியன மிகுந்து வாழ்கின்றன. வடகிழக்குப் பருவமழையின்போது ஏரி நிறைந்து உவர்ப்புக் குறைகின்றது. மழை ஓய்ந்தபின் நீர்மட்டம் தாழச் சேற்றுவெளிகள் வெளிப்படுகின்றன.

பறவைகளும் உணவுமுறையும்

வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி, கிழக்குத் தங்கநிற உப்புக்கொத்தி ஆகியவை தூந்திராவிலிருந்து வருபவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம் மட்டுமே. உள்ளான்கள் அலகைச் சேற்றில் நுழைத்து, அதன் நுனியிலுள்ள உணர்வு நரம்புகளால் இரையை அறிகின்றன. உப்புக்கொத்திகளோ கண்ணால் கண்டு ஓடிச்சென்று கொத்துகின்றன. அலகின் நீளம் மாறுபடுவதால் பல இனங்கள் ஒரே சேற்றில் வெவ்வேறு ஆழங்களில் இரை தேட முடிகின்றது.

இப்பறவைகள் ஆகத்து மாதம் முதல் வரத் தொடங்கி, ஏப்ரல் வாக்கில் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. முதலில் வளர்ந்த பறவைகள் வருகின்றன. அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகள் பின்னர், பெற்றோரின் துணையின்றியே வந்து சேர்கின்றன. ஏரியில் பெரிதும் அறியப்பட்ட பூநாரைகள் தூந்திராப் பறவைகள் அல்ல.

லெம்மிங்குடன் தொடர்பு

லெம்மிங் என்பது தூந்திராவில் வாழும், எலியை ஒத்த சிறு கொறிணி ஆகும். இதன் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் வீழ்கின்றது. லெம்மிங் மிகுந்த ஆண்டில் பனிநரிகள் அவற்றையே தின்பதால் பறவைக் குஞ்சுகள் தப்புகின்றன. குறைந்த ஆண்டில் நரிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் நாடுகின்றன. எனவே தென்னாடுகளுக்கு வரும் இளம் வளைமூக்கு உள்ளான்களின் தொகை, சைபீரியாவில் லெம்மிங் பெருகியதா என்பதைப் பொறுத்து ஆண்டுக்காண்டு மாறுகின்றது.

மீனவரும் சேறும்

பறவைகளுக்கு உணவாகும் சேறே இறால் வளரும் இடமும் ஆகும். இறால் கடலில் முட்டையிடுகின்றது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையைப் பின்பற்றி வந்துள்ளனர். இருளர்கள் ஆழமற்ற நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர்.

கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணலால் முகத்துவாரம் அவ்வப்போது அடைபடுகின்றது. அப்போது இறால் குஞ்சுகள் உள்ளே வர இயலாது. வெயிலில் நீர் வற்றி, உவர்ப்புக் கடல்நீரைவிட மிகுகின்றது. சேற்றில் வாழும் சிற்றுயிர்களுள் பல இதனைத் தாங்குவதில்லை. இந்நிலையில் மீனவரும் பறவைகளும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றனர். ஆனால் வண்டல் படிந்து ஏரி ஆழம் குறைவது இரு சாராரையும் ஒரே வகையில் பாதிப்பதில்லை. கரைப்பறவைகளுக்கு ஆழமற்ற இடமே ஏற்றது. படகுக்கும் வலைக்கும் ஆழம் தேவை.

அச்சுறுத்தல்கள்

புவி வெப்பமடைவதால் தூந்திராவில் பனி முன்கூட்டியே உருகுகின்றது. பூச்சிகளும் முன்கூட்டியே வெளிவந்துவிடுவதால், குஞ்சு பொரிக்கும் காலத்தில் உணவு குறைகின்றது. சைபீரியாவின் தைமிர் மூவலந்தீவில் பிறக்கும் நாட் என்னும் உள்ளான் வகை பற்றி 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. வெப்பமான ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் சிறிய உடலும் குட்டை அலகும் கொண்டிருந்தன என்றும், மேற்கு ஆப்பிரிக்காவின் மூரித்தானியாச் சேற்றில் ஆழத்திலுள்ள சிப்பிகளை அவற்றால் எட்ட இயலவில்லை என்றும் அவ்வாய்வு காட்டியது. வடக்கின் மண்ணில் நிகழும் மாற்றம் தெற்கின் சேற்றில் பசியாக வெளிப்படுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு எனலாம்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2024ஆம் ஆண்டில் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. உறைமண் இளகுவதைப் பழவேற்காட்டிலிருந்து தடுக்க இயலாது. முகத்துவாரம் அடைபடாமல் காப்பதும், சேற்றுவெளியை மாசடையாமல் பேணுவதும் இங்கேயே செய்யக்கூடியவை. அவை பறவைகளுக்கு உதவுவதோடு இறால் தொழிலையும் காக்கும்.