படம் உள்ளேதான் இருக்கிறது

முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலை. எங்கள் ஸ்டுடியோவுக்கு எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கிளாஸில் டீ ஆறி ஆடை படிந்திருந்தது. புது கேமரா வாங்கி எடுத்த முதல் கல்யாணம். ஆயிரத்துக்கும் மேல் படங்கள். எடிட்டிங் மென்பொருளில் போட்டால் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"அண்ணே, கார்டு போயிருச்சாண்ணே? பொண்ணு வீட்டுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"கார்டுக்கு ஒண்ணும் ஆகலை. படம் உள்ளதான் இருக்கு. முதல்ல அந்த ஆறின டீயை வச்சிட்டு வேற ஒண்ணு சொல்லு."

"ஃபோல்டர்ல பார்த்தா சின்னதா எல்லாப் படமும் தெரியுதுண்ணே. திறந்தா மட்டும் வரமாட்டேங்குது. அதான் குழப்பமா இருக்கு."

அவன் கேட்டது நல்ல கேள்வி. புது கேமரா வாங்கும் எல்லோருக்கும் ஒருநாள் வரக்கூடிய கேள்வியும்கூட. அன்று இரண்டு டீ குடித்து முடிக்கும்வரை அவனுக்குச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

தம்பி எடுத்தவை எல்லாம் ரா கோப்புகள். ரா கோப்பு என்பதைப் படம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது கேமராவின் சென்சார் எழுதிவைத்த கணக்கு நோட்டு. 24 மெகாபிக்ஸல் கேமரா என்றால் அகலத்தில் 6000, உயரத்தில் 4000, ஆக 2 கோடியே 40 லட்சம் சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று ஒரே ஒரு எண். கட்டத்துக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு வண்ண வடிகட்டியை ஒட்டியிருக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்த வரிசை இது. 1976இல் காப்புரிமை கிடைத்தது. நாலு கட்டம் கொண்ட ஒரு சதுரத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். ஆக 24 மெகாபிக்ஸலில் 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள் பச்சையை மட்டும் பார்த்தவை. சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா 60 லட்சம்.

மணப்பெண்ணின் அரக்குப் பட்டில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அந்த இடத்தில் சிவப்புக் கட்டம் இருந்தால் சிவப்பின் அளவு மட்டும் கோப்பில் இருக்கும். பச்சையும் நீலமும் எவ்வளவு என்பதை அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து மென்பொருள்தான் கணக்குப் போட வேண்டும். இப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் போட்டு முடித்த பிறகே பட்டு பட்டாகத் தெரியும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், அந்த எண்ணின் செழுமைக்காகத்தான். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். ஹோமப் புகைக்குள் இருண்டு கிடக்கும் மாப்பிள்ளை முகத்தை ஜேபெக்கில் தூக்கினால் திட்டுத் திட்டாகப் போகும். ராவில் தூக்கினால் முகமாகவே வரும். நம் தொழிலில் ராவை விட முடியாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் ஃபோல்டரில் தெரிந்த சின்னப் படம் எது? கேமரா ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் தானே கழுவிய ஒரு ஜேபெக் படத்தைச் செருகி வைக்கிறது. கேமராவின் பின்பக்கத் திரையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். கணினியும் பெரும்பாலும் அதை உருவித்தான் காட்டுகிறது. அதைக் காட்ட உள்ளே இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எடிட்டிங் மென்பொருளுக்கோ அந்த எண்கள்தான் வேண்டும். அதனால்தான் ஒன்றில் தெரிகிறது, மற்றொன்றில் திறக்கவில்லை.

"எண்ணைப் படிக்கிறதுல என்ன கஷ்டம்ணே? போன மாசம்வரை பழைய கேமரா ஃபைலைத் திறந்த அதே சாஃப்ட்வேர்தானே?"

ஒரு மென்பொருள் மூன்று கதவுகளைத் தாண்டினால்தான் ரா கோப்பு படமாகும்.

முதல் கதவு, கோப்பின் கட்டுமானம். கேனனின் பழைய சிஆர்2 கோப்பைப் பிரித்து முதல் சில பைட்டுகளைப் பார்த்தால் இரண்டு 'ஐ' எழுத்துகளும் 42 என்ற எண்ணும் இருக்கும். டிஃப் என்ற பழைய, எல்லோருக்கும் தெரிந்த கோப்பு முறையின் அடையாளம் அது. அதன் பிறகு 2018இல் வந்த இஓஎஸ் எம்50 கேமராவோடு கேனன் சிஆர்3 என்ற புது வகைக்கு மாறியது. அதைப் பிரித்தால் அந்த அடையாளம் இல்லை. எம்பி4 வீடியோவைப் போலப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய வேறொரு கட்டுமானம். பெயரில் ஓர் எண்தான் கூடியது, வீட்டின் வாசல் திசையே மாறிவிட்டது.

இரண்டாவது கதவு, சுருக்கும் முறை. இரண்டு கோடி எண்களை அப்படியே எழுதினால் கார்டு தாங்காது. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் சுருக்கி எழுதுகிறது. நிக்கான் 2021இல் இசட்9 கேமராவில் 'ஹை எஃபிஷியன்சி' என்ற புது முறையைக் கொண்டுவந்தது. அதன் உள்ளே இருப்பது இன்டோபிக்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் நுட்பம். இதனால் ஒரே கேமராவில் ஒரு செட்டிங்கில் எடுத்த கோப்பைத் திறக்கும் மென்பொருள், இன்னொரு செட்டிங்கில் எடுத்ததைத் திறக்காமல் போகலாம்.

மூன்றாவது கதவு நிறம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு சென்சாரின் சிவப்பு வடிகட்டியும் இன்னொரு சென்சாரின் சிவப்பு வடிகட்டியும் ஒரே சிவப்பு கிடையாது. எனவே மென்பொருள் எழுதுபவர்கள் அந்தக் கேமராவைக் கையில் வைத்து, வண்ண அட்டையை மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் பகல் வெளிச்சத்திலும் படமெடுத்து, இந்தக் கேமராவின் எண்களை நம் கண்ணின் நிறமாக மாற்ற என்ன கணக்கு என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒன்பது எண்கள் கொண்ட சின்ன அட்டவணை அது. அதோடு, துளி வெளிச்சம் இல்லாதபோதும் சென்சார் எழுதும் அடிப்படை எண் என்ன, எந்த எண்ணோடு வெளிச்சம் நிரம்பி வழிகிறது என்பதும் தெரிய வேண்டும். இருட்டிலும் 512 என்று எழுதும் கேமராக்கள் உண்டு. அதைக் கழிக்கத் தெரியாத மென்பொருளில் கறுப்பு முடி சாம்பல் பூத்துத் தெரியும். அட்டவணை மாறிப்போனால் தாலிக்கயிற்றின் மஞ்சளில் பச்சை தட்டும்.

கோப்புக்குள்ளேயே கேமராவின் மாடல் பெயர் எழுதியிருக்கும். மென்பொருள் அந்தப் பெயரைத் தன் பட்டியலில் தேடுகிறது. இல்லையென்றால், தப்பான நிறத்தில் காட்டுவதைவிடத் திறக்காமல் இருப்பதே மேல் என்று நிறுத்திக்கொள்கிறது. தம்பி பார்த்த பிழைச் செய்தியின் பொருள் அவ்வளவுதான்.

"அப்ப கேமரா கம்பெனிக்காரனே இதையெல்லாம் எழுதிக் கொடுத்துடலாமே?"

கொடுத்திருந்தால் நாம் இந்த பெஞ்சில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டோம். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் ரா கோப்பின் விவரத்தைப் பொதுவில் வெளியிடுவதில்லை. 2005இல் நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவில் ஒயிட் பேலன்ஸ் விவரத்தைப் பூட்டி எழுதியது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அடோபியின் கேமரா ரா செருகுநிரலை எழுதியவரும் அவர்தான். படம் எடுத்தவன் தேர்ந்தெடுத்த வெளிச்சக் கணக்கை அவனிடமிருந்தே ஏன் பூட்ட வேண்டும் என்ற கேள்வி அன்றைக்குப் பல நாடுகளின் புகைப்படக்காரர்களிடமிருந்து எழுந்தது.

இந்தப் பூட்டுகளைத் தனியாளாக உட்கார்ந்து திறந்தவர்களும் உண்டு. டேவ் காஃபின் என்ற அமெரிக்க நிரலாளர் 1997இல் டிசிரா என்ற நிரலை எழுதத் தொடங்கினார். நிறுவனங்கள் விவரம் தராதபோது கோப்புகளைப் பைட் பைட்டாகப் பார்த்து, எது எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடித்தார். நூற்றுக்கணக்கான கேமராக்களின் கோப்புகளை ஒரே ஒரு சி நிரல் கோப்பு திறந்தது. அவர் இலவசமாகத் தந்த அந்த உழைப்பின் மேல் எத்தனையோ மென்பொருள்கள் நிற்கின்றன. அவருடைய கடைசிப் பதிப்பு 2018இல் வந்தது. இன்று லிப்ரா, ராஸ்பீட் போன்ற நிரல் தொகுப்புகள் அந்த வேலையைத் தொடர்கின்றன. சிஆர்3 விஷயத்தில் கட்டுமானம் புதிது, காப்புரிமைச் சிக்கல் வருமோ என்ற தயக்கமும் இருந்தது. அதனால் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் அந்தக் கோப்புகளைத் திறக்க 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்புவரை ஆயிற்று. ஏறக்குறைய நான்கு வருடம்.

நான் ஃபிலிம் காலத்தில் தொழில் கற்றவன். இதைச் சொல்லும்போது எனக்கு லேப் ஞாபகம் வரும். கோடாக் 1972இல் சி-41 என்ற கழுவும் முறையைக் கொண்டுவந்தது. ஃபூஜியும் கோனிகாவும் அதற்கு ஒத்துப்போகும்படியே தங்கள் கலர் ஃபிலிமைச் செய்தன. எந்த கம்பெனி ரோலை எந்த ஊர் லேபில் கொடுத்தாலும் ஒரே மருந்தில் கழுவித் தந்தார்கள். புது கேமரா வாங்கினால் லேபை மாற்ற வேண்டியதில்லை. போட்டி நிறுவனங்கள்தான் அவை, ஆனாலும் கழுவும் முறையில் ஒத்துப்போயின.

டிஜிட்டலிலும் அதற்கு வழி இருக்கிறது. அடோபி 2004இல் டிஎன்ஜி என்ற ரா கோப்பு முறையை வெளியிட்டது. விவரம் முழுக்கப் பொதுவில் இருக்கிறது, யார் பயன்படுத்தினாலும் காசு கேட்பதில்லை. நிறத்துக்கான அந்த ஒன்பது எண் அட்டவணை, கறுப்பு அளவு, வெள்ளை அளவு எல்லாமே கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். அதனால் நேற்று வந்த கேமராவின் டிஎன்ஜி கோப்பைப் பழைய மென்பொருளும் பெரும்பாலும் திறந்துவிடும். லைக்கா தன் கேமராக்களில் இதையே தருகிறது. பென்டாக்ஸில் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்ட் செல்போனின் ராவும் ஐஃபோனின் ப்ரோராவும் டிஎன்ஜிதான். தொழிலுக்கு நாம் அதிகம் வாங்கும் கேனன், நிக்கான், சோனி கேமராக்கள்தான் இன்னும் தனித்தனி வகையில் எழுதுகின்றன.

"சரிண்ணே, இப்ப நான் என்ன செய்யணும்?"

முதலில் கார்டை ஃபார்மட் செய்யாதே. கோப்புகளை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் போடு. திறக்காத கோப்பு கெட்டுப்போன கோப்பு இல்லை. மென்பொருள் கற்றுக்கொண்ட அன்றைக்கு இதே கோப்பு முழுத் தரத்தோடு திறக்கும்.

அடுத்து, கேமரா கம்பெனியின் சொந்த மென்பொருளை இறக்கிக்கொள். கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்ஸையும் சரிசெய்து 16 பிட் டிஃப்பாக மாற்றினால் வழக்கமான மென்பொருளில் மீதி வேலையைப் பார்க்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் ஆல்பம் நிற்காது.

மூன்றாவது, நீ வைத்திருக்கும் மென்பொருளுக்கு அப்டேட் வந்திருக்கிறதா பார். புது கேமராவுக்கான ஆதரவு சில வாரங்களில் வரும், சில சமயம் மாதங்கள் ஆகும். பழைய பதிப்பை ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அப்டேட்டே வராது. லைட்ரூம் 6க்குக் கடைசி அப்டேட் 2017 டிசம்பரில் வந்தது. அவர்களுக்கு அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் கைகொடுக்கும். கன்வெர்ட்டரில் புதுப் பதிப்பு இருந்தால் போதும். அது மாற்றித் தரும் டிஎன்ஜியைப் பழைய லைட்ரூம் திறக்கும். மாற்றினாலும் மூல ரா கோப்பை அழிக்காதே.

கோப்புக்குள் இருக்கும் மாடல் பெயரைப் பழைய கேமராவின் பெயராக மாற்றினால் திறக்கும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டிலும் ஒரே சென்சார், ஒரே சுருக்கும் முறை இருந்தால் திறக்கலாம். நிறம் சரியாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவசரத்துக்குச் செய்வதென்றால் நகலில் செய், மூலத்தில் கைவைக்காதே.

இனிமேலுக்கு ஒரு பழக்கம். புது கேமராவின் முதல் மாதங்களில் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்தே பதிவு செய். முன்பணம் கட்டுவதற்கு முன், உன் மென்பொருளின் கேமராப் பட்டியலில் அந்த மாடல் பெயர் இருக்கிறதா என்று பார். கல்யாணத்துக்கு எடுத்துப் போவதற்கு முன் வீட்டில் பத்துப் படம் எடுத்து, திறந்து, நிறம் திருத்தி, பிரிண்ட் வரை போட்டுப் பார்.

அன்று மாலையே கம்பெனி மென்பொருளில் கோப்புகள் திறந்தன. தாலி கட்டும் படத்தை முதலில் பெரிதாக்கிப் பார்த்தான். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

புகைப்படத் தொழிலில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. கேமரா வாங்கும்போது விற்பனையாளரிடம் மெகாபிக்ஸலோடு சேர்த்து, 'இதில் டிஎன்ஜி உண்டா?' என்றும் கேளுங்கள். நாம் கேட்காத வசதியை எந்த நிறுவனமும் தராது. புது கேமரா உங்கள் கைக்கு முதலில் வந்தால், வீட்டுத் தோட்டத்தில் எடுத்த ஒரு மாதிரி ரா கோப்பை இலவச மென்பொருள் எழுதுபவர்களுக்குக் கொடுங்கள். மாதிரிக் கோப்பு இல்லாமல் அவர்களால் வேலையைத் தொடங்கவே முடியாது. நீங்கள் கொடுக்கும் அந்த ஒரு கோப்பு, எங்கோ ஓர் ஊரில் இன்னொரு தம்பியின் முதல் கல்யாணத்தைத் திறந்து காட்டும்.