பனிமலையில் வெந்நீர் ஊற்று: படம் பிடிப்போமா?

ஊருக்கு நாங்கள் அனுப்பும் படங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சோபாவில் இருந்தபடி ஒன்று, பிறந்தநாள் கேக்கோடு ஒன்று, வீதியில் நிற்கும் யாரோ ஒருவரின் காருக்குப் பக்கத்தில் ஒன்று. குளிர்காலத்தில் வெளியே எடுத்தது இருந்தால், அதில் பனி சாம்பல் நிறமாகவும் எம்மவர் முகம் கரிக்கட்டை போலவும் இருக்கும். "பிள்ளை நல்லாக் கறுத்துப் போச்சு" என்று ஊரில் அம்மா கவலைப்படுவா. முகத்தில் ஒரு குறையும் இல்லை. குறை கமரா ஒளியை அளக்கும் முறையில் இருக்கிறது.

இதைப் பழகிக்கொள்ள நல்லதோர் இடம், சுவிஸின் வலே மாநிலத்திலுள்ள லொய்க்கர்பாட். லொய்க் நிலையத்தில் ரெயினால் இறங்கினால் அங்கிருந்து மலைப்பாதையில் பஸ் ஏறும். 1411 மீற்றர் உயரத்தில், கெம்மி என்ற கணவாயின் செங்குத்துப் பாறைச் சுவருக்குக் கீழே இந்த ஊர் இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 39 லட்சம் லீற்றர் வெந்நீர் இங்கே ஊறுகிறது. அதன் வெப்பம் 51 பாகை வரை. மலையில் விழும் மழையும் பனியும் பாறை வெடிப்புகளூடாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகின்றன.

திருகோணமலையின் கன்னியாவில் ஏழு கிணறுகளைக் கண்டவர்களுக்கு வெந்நீர் ஊற்று புதுமையல்ல. ஆனால் அங்கத்தைய வெக்கையில் ஆவி கண்ணுக்குத் தெரிவது அரிது. இங்கே குளிர்காற்றுப் பட்டவுடன் ஆவி நுண்ணிய நீர்த்துளிகளாகி, வெண்புகை போல எழும்பும். குளிர் கூடக்கூடப் புகையும் தடிக்கும். ஆகவே நாங்கள் வீட்டுக்குள் முடங்கும் நாளே படத்துக்கு ஏற்ற நாள்.

முதலில் நேரம். மலைகள் மறைப்பதால் வெயில் ஊருக்குள் பிந்தித்தான் இறங்கும். அதற்கு முன் நிழலில் கிடக்கும் பனி நீலமாகத் தெரியும், ஏனென்றால் அதில் படுவது நீல வானத்தின் ஒளி மட்டுமே. வெயில் பட்டதும் அதே பனி மஞ்சள் பூசிக்கொள்ளும். சில நிமிடங்களில் எல்லாம் மாறிவிடும். எனவே ஓரிடத்தில் நின்று பொறுமையாக நாலைந்து படம் எடுங்கள். ஆவியைப் பிடிக்க, வெயில் அதன் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரவேண்டும். பின்னணியில் இருண்ட பாறையோ மரமோ இருக்கவேண்டும். மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கி, வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருக்கும் அரைமணி நேரமும் நல்லது.

அடுத்தது அளவு. கமரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெண்பனி நிறைந்த காட்சியில் ஒளி அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அதனால்தான் பனி மங்குகிறது, முகம் இருள்கிறது. ஒளியைக் கூட்டும் இடத்தில் +1 அல்லது +1.5 வையுங்கள். கைத்தொலைபேசி என்றால் திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பழைய பிலிம் கமராவில் 200 பிலிமைப் போட்டு 100 என்று வைத்தால் அதே பலன். முகத்துக்கு முன்னால் கிடக்கும் பனியும் ஒளியைத் திருப்பி அடித்து உதவி செய்யும்.

பற்றறி குளிரில் விரைவில் சோர்ந்துபோகும். மேலதிகமான ஒன்றை உட்சட்டைப் பையில் உடற்சூட்டோடு வைத்திருங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் போகுமுன் கமராவைப் பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கமரா தப்பும். அறைச்சூட்டுக்கு வந்தபின் திறக்கலாம்.

குளிப்பவர்களை அவர்கள் அனுமதியின்றிப் படம் எடுக்கவேண்டாம். தன் உருவத்தின் மீது ஒருவருக்குள்ள உரிமையை இந்நாட்டுச் சட்டம் காக்கிறது.

இன்னுமொன்று. 1951இல் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் இதே ஊருக்கு வந்து தங்கினார். ஊரார் அவருடைய தலைமயிரைத் தொட்டுப் பார்த்து வியந்ததை 1953இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அந்நியனாக அந்தப் பனியில் நின்ற அவரை இன்று அந்த ஊரின் கதையோடு சேர்த்தே பேசுகிறார்கள்.

எங்கள் பிள்ளைகளும் இந்தப் பனியில்தான் வளரப்போகிறார்கள். அவர்களை ஆவிக்கும் மலைக்கும் முன்னால் நிறுத்தி, முகம் தெளிவாகத் தெரிய எடுங்கள். ஒரு பிரதி போட்டு, பின்புறத்தில் இடம், திகதி, அன்றைய குளிர் எத்தனை பாகை என்பவற்றை எழுதி ஊருக்கு அனுப்புங்கள். இன்னொரு பிரதி வீட்டு அல்பத்தில் இருக்கட்டும்.