திகதி போட்டு வையுங்கள்

1992ஆம் ஆண்டு, கொழும்பில் நான்கு வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தைக்கு நடை தள்ளாடத் தொடங்கியது. தந்தை அரச சட்டத்துறையில் உயர் பதவியில் இருந்த சட்டத்தரணி. குழந்தையைப் பார்த்தவர் நாட்டின் மிகப் பெயர்பெற்ற சிறுவர் வைத்தியப் பேராசிரியர்களில் ஒருவர். வாதக் காய்ச்சலோடு தொடர்புடைய, கைகால் தன்பாட்டில் அசையும் நோய் என்று அவர் முடிவு செய்தார். பின்னர் எடுத்த ஸ்கேனில் தெரிந்ததோ மூளைத்தண்டுக் கட்டி. அந்த ஆண்டே குழந்தை இறந்துபோனது.

தந்தை வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. வைத்தியரிடம் கவனக்குறைவு இருந்தது, ஆனால் அதனால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பு. பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன என்ற இந்த வழக்கை இலங்கையில் மருத்துவச் சட்டம் படிக்கும் எவரும் தாண்டிப் போக முடியாது.

சட்டம் கரைத்துக் குடித்த ஒரு தந்தைக்கே ஒன்பது வருடத்தின் முடிவில் கிடைத்தது இதுதான் என்றால், மன்னார் மாவட்டத்தில் பேசாலையில் வலை இழுக்கும் தந்தைக்கும் சிலாவத்துறையில் வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கும் நீதிமன்றம் எவ்வளவு கைகொடுக்கும்? சொற்பம்தான். பிள்ளை கட்டிலில் இருக்கும்போதே கேட்கக்கூடிய உரிமைகள் வேறு. அவற்றுக்குச் சட்டத்தரணியும் வேண்டாம், காசும் வேண்டாம். அவற்றைத்தான் நம் பெற்றோர் அதிகம் பயன்படுத்துவதில்லை.

அந்த வழக்கு தோற்றதற்கு நோயின் இயல்பும் காரணம். மூளைத்தண்டில் பரவும் கட்டி வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சிகிச்சை செய்தாலும் ஓரிரு வருடத்துக்கு மேல் வாழ்வதில்லை. முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அங்கே காட்ட முடியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வரும் எல்லா மூளைக் கட்டியும் அப்படியல்ல. சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா வேறெங்கும் பரவாத நிலையில் அகப்பட்டால், சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து மூன்றும் ஒழுங்காகக் கிடைக்கும் இடங்களில் பத்தில் ஏழு பிள்ளைகளாவது ஐந்து வருடத்தைத் தாண்டுகின்றன. மூளைக்குள் நீர் தேங்கும் நோயில் நேரத்தோடு அறுவை செய்தால் கண்பார்வையும் தப்பும். இங்கே வாரங்கள் முக்கியம்.

பிரித்தானியாவில் 2011இல் தொடங்கிய ஹெட்ஸ்மார்ட் இயக்கம் இதைத்தான் கையில் எடுத்தது. முதல் அறிகுறிக்கும் நோய் நிர்ணயத்துக்கும் இடையே அங்கு அதற்குச் சில வருடங்கள் முன்பு 14 வாரத்தை ஒட்டிய காலம் கழிந்துகொண்டிருந்தது. பெற்றோருக்கும் குடும்ப வைத்தியர்களுக்கும் ஓர் அட்டையில் அறிகுறிகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். சில வருடங்களில் அந்த இடைவெளி 7 வாரத்துக்குள் வந்தது. புதிய இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அறிகுறிகள் நமக்குத் தெரியாதவை அல்ல. நாம் அவற்றுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். காலையில் எழுந்ததும் தலையிடி, கூடவே சத்தி என்றால் பித்தம் அல்லது புழு. தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி இருந்தால் சுளுக்கு. கண் திடீரென்று மாறுகண் ஆனால் கண்ணூறு. நன்றாக ஓடித்திரிந்த பிள்ளை தடுமாறி விழுந்தால் ‘பராக்கு’. துடியாட்டம் அடங்கி ஒரே தூக்கமாகக் கிடந்தால் வெயில். இவற்றில் ஒன்று விடாமல் தொடர்ந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டு சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. முதல் முறையாக வலிப்பு வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மடு மாதாவுக்கு நேர்த்தி வைப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, ஸ்கேன் திகதியைத் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடாதவரை.

சத்தி எந்த நாளில் தொடங்கியது, காலையிலா மாலையிலா, எத்தனை தரம் என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். நடை தடுமாறுவதைக் கைபேசியில் படம் பிடியுங்கள். ‘கொஞ்ச நாளாகத் தலையிடி’ என்று சொல்வதற்கும் ‘மூன்று வாரமாக, ஒவ்வொரு காலையும், சத்தியோடு’ என்று சொல்வதற்கும் வைத்தியரின் மனதில் பெரிய வித்தியாசம் உண்டு.

மன்னாரிலிருந்து சிகிச்சைக்கான வழி நீளமானது. மூளைச் சத்திரசிகிச்சைக்கு மாவட்டப் பொது வைத்தியசாலையைத் தாண்டித்தான் போக வேண்டும்: பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை, அல்லது மதவாச்சி வழியாக அனுராதபுரம், அல்லது கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. புற்றுநோய் என்றால் மகரகம அபேக்ஷா. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்; பஸ்ஸும் தங்குமிடமும் கடலுக்குப் போகாத நாட்களும் இலவசமல்ல. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது கொழும்புக்கு அலையத் தேவையில்லை. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இவ்வளவு கைமாறும் பயணத்தில் தகவல் வழியில் தொலைந்துபோவதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வோர் இடத்திலிருந்தும் வெளியேறும்போது டயக்னோசிஸ் கார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் அறிக்கை மட்டும் போதாது, படங்களின் சீடியும் வேண்டும். திசுப் பரிசோதனை அறிக்கையின் பிரதியும் வேண்டும். அடுத்த இடத்து வைத்தியர் முதலில் கேட்பது இவற்றைத்தான். பின்னால் ஏதாவது பிழைத்தால் சட்டத்தரணி கேட்பதும் இவற்றைத்தான்.

அடுத்தது மொழி. தமிழும் அரசகரும மொழி; மகரகமவிலும் அனுராதபுரத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. நடைமுறை வேறு என்பது போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சத்திரசிகிச்சைச் சம்மதப் பத்திரத்தில், வாசிக்கத் தெரியாத மொழியில், விளக்கம் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த வைத்தியரையோ தாதியையோ கூப்பிடச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. உதாரணமாக, சிறுமூளைக் கட்டியை எடுத்தபின் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்குச் சில வாரமோ சில மாதமோ பேச்சு நின்றுபோகலாம். இதை முன்பே சொல்லியிருந்தால் தாய் பயந்து சாகத் தேவையில்லை. சொல்லாவிட்டால் ‘வெட்டிக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சுத்தான் ஊரெல்லாம்.

நீரை வடிக்கத் தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்த பிள்ளை வீட்டில் இருந்தால், தலையிடி, சத்தி, மயக்கத் தூக்கம் மூன்றையும் குழாய் அடைப்பு என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். விடியும்வரை பொறுக்க வேண்டாம். 1990 இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. தலையில் குழாய் வைத்த பிள்ளை என்பதை அழைத்தவுடனேயே சொல்லிவிடுங்கள்.

கேட்ட தகவலைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஓர் ஆளின் உயிரோடு தொடர்புடைய கோரிக்கை என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். இந்த ஏற்பாடு நம்மிடம் பலருக்குத் தெரியாது. வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

முறைப்பாடு என்றால் முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளர், பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். வைத்தியரின் ஒழுக்கம் பற்றியதானால் இலங்கை மருத்துவச் சபைக்குச் சத்தியக்கடதாசியோடு எழுத வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளுக்குத் தனிச் சபை ஒன்று 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு கட்டணமின்றி வழக்காடும்.

நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருட எல்லை. அரச நிறுவனத்துக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரே ஒரு மாதம். அதாவது, இறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்து வீட்டார் தலை நிமிரும்போது காலம் கடந்திருக்கும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தை அழைத்தும் வழி கேட்கலாம். மரண வீட்டில் இதற்கு ஓடித்திரியத் தாய்தகப்பனால் முடியாது. மாமனோ சித்தப்பாவோ பங்குத்தந்தையோ அந்த முதல் மாதத்துக்குள் அவர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட வேண்டும்.