ஒரே எண், இரு பொருள்

மாணவர்களே! இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் 'கிரியேட்டினின்' என்ற பெயருக்கு எதிரே ஓர் எண் இருக்கும். பக்கத்திலேயே பெரியவர்களுக்கான இயல்பு அளவு, 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லிகிராம் என அச்சிட்டிருப்பதுண்டு. பத்து வயதுச் சிறுவனின் சீட்டில் 1.0 என்றிருந்தால், அவனுடைய சிறுநீரகங்கள் நலம் என்று சொல்லிவிடலாமா? கூடாது! ஏன் என்று பார்ப்போம்.

நமது தசைகளில் ஆற்றலைச் சேமிக்க உதவும் பொருள் கிரியேட்டின். அதில் ஒரு சிறு பகுதி நாள்தோறும் கிரியேட்டினின் என்னும் கழிவாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகங்கள் அதை வடிகட்டி வெளியேற்றுகின்றன.

அடியில் துளையுள்ள ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயைத் திறந்ததும் நீர்மட்டம் உயரும். மட்டம் உயர உயர, துளை வழியே நீர் வேகமாக வெளியேறும். வரவும் செலவும் சமமானதும் மட்டம் அப்படியே நின்றுவிடும். ஆகவே மட்டத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: குழாயும் துளையும். இங்கே குழாய் என்பது தசை; துளை என்பது சிறுநீரகம்.

உடற்பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டால், இரண்டு வயதுக்குப் பின் குழந்தைகளின் வடிகட்டும் திறன் பெரியவர்களுடையதற்கு ஏறத்தாழச் சமம். ஆனால் தசை குறைவு. துளை அதேதான், குழாய் சிறியது! எனவே மட்டமும் தாழ்வாகவே இருக்க வேண்டும். பள்ளிச் சிறுவர்களுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.7 வரை இயல்பு. பதின்பருவத்தில் தசை வளர வளர இது 1.0 வரை உயரலாம்.

கணக்குப் போட்டே பார்ப்போமா? அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஷ்வார்ட்ஸ் குழுவினர் 1976இல் வகுத்து, 2009இல் திருத்திய வாய்பாடு எளிதானது. சென்டிமீட்டரில் உயரத்தை 0.413ஆல் பெருக்கி, கிரியேட்டினின் அளவால் வகுக்க வேண்டும். விடை, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என்பதைக் காட்டும். 90க்கு மேல் இருந்தால் இயல்பு.

நம் சிறுவனின் உயரம் 130 சென்டிமீட்டர் என்போம். கிரியேட்டினின் 0.5 என்றால் விடை 107. அதுவே 1.0 என்றால் 54தான்! வடிகட்டும் திறன் பாதியாகிவிட்டது. வலியோ வீக்கமோ இல்லாமலேகூட இந்நிலை வரலாம்.

யூரியாவும் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும். ஆனால் புரதம் மிகுந்த உணவாலும், உடலில் நீர் குறைவதாலும் அதன் அளவு ஏறும்.

நோயை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. ஆனால் வீட்டில் தம்பி தங்கையரின் சீட்டைப் பார்க்கும்போது, "இந்த இயல்பு அளவு எந்த வயதினருக்கு?" என்று கேட்க மறவாதீர்கள்.