பட்டா இல்லாத குடியானவர்

நிலத்துக்கு உரிமை என்றால் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்பார்கள். காகிதமே அறியாத குடியானவர் எதைக் காட்டுவார்?

தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டின் ரொண்டோனியா மாநில மழைக்காட்டில் அப்படி ஒருவர் தனியே வாழ்ந்தார். கால்நடைப் பண்ணைகளுக்காகக் காடு வளைக்கப்பட்ட காலத்தில் அவருடைய இனத்தார் அழிந்தார்கள். 1996-ல் அவர் இருப்பதை அரசின் பழங்குடியினர் நலத் துறை கண்டறிந்தது. அவர் யாரையும் நெருங்க விடவில்லை. வெளியாரிடமிருந்து தொற்றும் சளிக்காய்ச்சலையும் தட்டம்மையையும் தாங்கும் சக்தி இத்தகைய மக்களுக்கு இல்லை. எனவே, கோடரியும் விதையும் எட்ட வைத்துவிட்டு அதிகாரிகள் விலகிக்கொண்டார்கள்.

அவர் பயிரிட்ட மரவள்ளி, மக்காச்சோளம், பப்பாளி, குடிசைக்குள் தோண்டிய ஆழமான குழி ஆகியவையே அவருடைய அனுபவத்துக்குச் சாட்சி. வழிவழியாக வாழும் நிலத்தில் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்கிறது பிரேசிலின் 1988-ஆம் ஆண்டு அரசியல் சட்டம். அதன்படி சுமார் 8,000 ஹெக்டேரில், அதாவது 20,000 ஏக்கரில், வெளியார் நுழையத் தடை விதிக்கப்பட்டது. சுற்றிலும் மேய்ச்சல் நிலமாகிவிட, அந்தக் காடு மட்டும் நின்றது.

2022 ஆகஸ்டில் அவர் தம் குடிசையில் இறந்து கிடந்தார். அதன்பின் பண்ணைக்காரர்கள் அந்த நிலத்துக்கு உரிமை கோரினார்கள்.

அமேசான் காட்டில் இப்படி ஒதுங்கி வாழும் இனங்கள் இன்னும் உண்டு. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எல்லைக்கல் நட்டுக் காவல் போட வேண்டும். வேலி இல்லாத பயிர் வீடு வந்து சேராது என்பது நமக்குத் தெரிந்ததுதானே!