தவளைக்குத் தனி அகல்

காட்டூர் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடித்துவிட்டுத் திரும்பிய தம்பி ஒருவர் செல்போனை நீட்டினார். வீட்டு மீன் தொட்டியின் படம். கப்பிகளுக்கு நடுவே இரண்டு குட்டித் தவளைகள். பிள்ளை ஆசைப்பட்டான் என்று கொளத்தூரில் வாங்கியதாம். “பதினஞ்சு நாள்ல எலும்பும் தோலுமா ஆயிடுச்சுண்ணா. மீன் எதுவும் கடிக்கல. தீனியும் ரெண்டு வேளை போடுறேன்” என்றார்.

தீனி போடுகிறார், உண்மைதான். ஆனால் தவளைக்கு அது போய்ச் சேர்வதில்லை.

இது ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. வளர்ந்தாலும் கட்டைவிரல் நீளம்தான். நம் வயல் தவளை மாதிரி கரையேறாது. ஆயுள் முழுக்கத் தண்ணீர்தான். இருந்தாலும் மூச்சு நுரையீரலில். அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து, ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு இறங்கிவிடும். அதனால் தண்ணீர் ஓரடிக்கு மேல் வேண்டாம். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட வேண்டும். மூடி இல்லாமலும் கூடாது, எகிறிக் குதித்துவிடும்.

சாப்பாட்டு விஷயம்தான் பரிதாபம். இதற்கு நாக்கே கிடையாது, கண்ணும் மந்தம். தீனி விழுந்ததை வாசனையாலும் நீரின் அசைவாலும் தான் தெரிந்துகொள்ளும். தேடிப் போய், கிட்டே நின்று, கொஞ்சம் தயங்கி, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். புழு நீளமாக இருந்தால் அதையும் உறிஞ்சியே இழுக்கும். குழந்தை இடியாப்பம் தின்பது போல இருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. அது தயங்கும் நேரத்துக்குள் கப்பிகள் பந்தியை முடித்து இலையை எடுத்துவிடும். கடியே படாமல் பட்டினியில் சாகிற தவளைகள்தான் அதிகம்.

தம்பிக்கு நான் சொன்ன வழி இது. மீன்களுக்கு ஒரு மூலையில் மிதக்கும் தீனியைத் தூவுங்கள். அவை அங்கே கூடியதும், எதிர்மூலையில் அடியில் வைத்த மண் அகலில் ரத்தப்புழுவை டிராப்பரால் இறக்குங்கள். தினமும் அதே இடம். சில நாளில் தவளை அகலருகே வந்து காத்திருக்கும். சின்ன டெட்ரா, கப்பி போன்ற சாதுக்களோடு இது வாழும். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் வேண்டாம்.

ஏரிக்காரர்களுக்கு உப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். தவளை தண்ணீரைக் குடிப்பது தோலால். மழைக்கு நீர்த்து, கோடையில் கரிக்கும் கழி நீர் மடவைக்கும் இறாலுக்கும் ஒத்துக்கொள்ளும், இதற்கு ஒத்துக்கொள்ளாது. அந்தமானில் நண்டு தின்னும் தவளை ஒன்று உண்டு. ரத்தத்தில் யூரியாவைச் சேர்த்துவைத்து உப்பைத் தாங்கும். குள்ளத் தவளைக்கு அந்த வித்தை தெரியாது. மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் கல்லுப்பு போடுவது நம் வழக்கம். அப்போது நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றி உப்புப் போடுங்கள், தொட்டியில் போடாதீர்கள்.

இன்னொன்று, விரலைப் பாருங்கள். குள்ளத் தவளைக்கு நாலு காலிலும் விரலிடைச் சவ்வு இருக்கும். முன்னங்கால் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் அது நகத் தவளை. குட்டியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நகத் தவளை வளர்ந்தால் உள்ளங்கை அளவு. வாயில் கொள்ளும் மீனையெல்லாம் விழுங்கும். 1930-களில் தென்னாப்பிரிக்காவில் இதை வைத்துக் கர்ப்பப் பரிசோதனையே கண்டுபிடித்தார்கள். பெண்ணின் சிறுநீரை இதன் தோலுக்கடியில் செலுத்தினால், கரு உண்டாகியிருந்தால் ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். அதற்காக உலகெங்கும் கொண்டுபோனார்கள். இன்று சிலி, பிரான்ஸ், கலிஃபோர்னியா நீர்நிலைகளில் தானே பெருகி, அங்குள்ள உயிர்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அலுத்துப்போனால் காட்டூர் ஏரியில் விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

பிள்ளை தொட்டியில் கைவிட்டால் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைத் தொட்டிகளிலிருந்து சால்மோனெல்லா தொற்றி 200 பேருக்கு மேல் நோயுற்றார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறையில் கொட்டாதீர்கள்.

தம்பி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். முன்னங்கால் விரல்களுக்கு நடுவே சவ்வு மெல்லிசாகத் தெரிந்தது.

“குள்ளம்தாண்ணா,” என்றார். மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். “கார்த்திகைக்கு வாங்கின அகல் பரண்லதான் கிடக்கு.”