வண்டுக்கு நான் அனுப்பிய அழைப்பிதழ்

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று ராயப்பன்பட்டியில் நான் வைத்த தென்னங்கன்றுகளுக்கு இப்போது நாலு வயசு. போன வருஷம் விரிந்த ஓலையெல்லாம் கத்தரியால் வெட்டியது மாதிரி இருந்தது. காண்டாமிருக வண்டு! உடனே இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றை வாங்கி, கன்றுகளுக்கு நட்டநடுவே கட்டினேன். வாளியில் வண்டு விழுந்தது. ஆனால் குருத்தில் வெட்டு குறையவில்லை, கூடியது. மூன்று கன்றுகள் பட்டே போயின.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், ஊர் வண்டையெல்லாம் பந்திக்குக் கூப்பிட்டிருக்கீங்க?"

அவர் கேட்டது சரிதான். பூச்சிகள் சேதி அனுப்புவது வேதிப்பொருளால். 1959-ல் ஜெர்மனியின் பூட்டனான்ட், சுமார் 5 லட்சம் பட்டு அந்துப்பூச்சிகளைக் கொண்டு, பெண் ஆணை அழைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். காண்டாமிருக வண்டில் அழைப்பது ஆண். அது விடும் எத்தில் 4-மெத்தில் ஆக்டனோயேட், ஆண் பெண் இரண்டையும் இழுக்கும்.

வங்கியில் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்ட பிறகே பணம் தருவோம். பூச்சியின் உணர்கொம்பும் அப்படித்தான். பொருந்துகிற மூலக்கூறு வந்தால்தான் நரம்பில் சேதி கிளம்பும். அந்துப்பூச்சிகளில், வந்து சேர்ந்த மூலக்கூறை அங்கேயே இருக்கும் நொதி சிதைத்துவிடுகிறது. பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டால்தானே அடுத்ததைப் படிக்க முடியும்?

பொறியைத் தேடி வந்த வண்டெல்லாம் வாளியில் விழாது. சிலது பக்கத்துக் குருத்தில் உட்கார்ந்துவிடும். அதுதான் என் தப்பு. இப்போது பொறி கன்றுகளை விட்டுத் தள்ளி, வேலியோரம் நிழலில் தொங்குகிறது. 2 ஹெக்டேருக்கு ஒன்று என்பது பரிந்துரை. அதனால் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து வைப்பதே லாபம். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் வைத்தாலும் வண்டு வந்து விழும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர் சொல்லி என் எருக்குழியைக் கிளறினேன். கொழுத்த வெள்ளைப் புழுக்கள்! வண்டை வளர்த்ததே நான்தான். புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்தேன். புதுக் குருத்துகள் இப்போது முழுசாக விரிகின்றன.

பொறி வாங்கும் முன் உங்கள் எருக்குழியை ஒரு தடவை கிளறிப் பாருங்கள்.